யார் வீசிய ஊசி?

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நெல்லைச் சீமையில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடுக்கல்லூர், கோடகநல்லூர் வட்டாரத்தில் மூட்டை மூட்டையாய்க் குப்பை கிடந்தது. சாதாரணக் குப்பையல்ல. உபயோகித்த ஊசி, சலைன் ஏற்றிய குழாய், கையுறை, மருந்துப் புட்டி! அவற்றோடு நோயாளிகளின் பெயர் எழுதிய காகிதங்களும் கிடந்தன. அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் இது திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து மலை தாண்டி வந்த சரக்கு என்று ஊரார் கண்டுபிடித்தார்கள். ஆடு மாடு மேய்கிற இடத்தில், வெறுங்காலோடு பிள்ளைகள் நடக்கிற இடத்தில், யாரோ ஒருவர் உடம்பில் குத்திய ஊசியை யாரோ ஒருவர் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்.

கொதித்தார்கள் மக்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. மூன்றே நாளில் அள்ளிக்கொண்டு போ என்று கேரள அரசுக்கு உத்தரவு பிறந்தது. அங்கிருந்து அதிகாரிகள் லாரிகளோடு வந்தார்கள், அள்ளினார்கள், போனார்கள். லாரி ஓட்டியவர் கைதானார். கழிவை அப்புறப்படுத்தும் கம்பெனியின் மேற்பார்வையாளர் கைதானார். இங்கே உள்ளூரில் கைகொடுத்தவர்களும் கைதானார்கள். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கிறோமே, அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவோரையும் அதன் வலைக்குள் கொண்டுவர மசோதா நிறைவேற்றியது. ஓராண்டு வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க இடமளிக்கும் சட்டம் அது.

கொட்டியவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விசாரணையில்லாக் காவல் என்ற ஆயுதம் இதுவரை யார் கழுத்தைத் தேடிப் போயிருக்கிறது என்பதைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி ஒரு லாரி பிடிபட்டால் உள்ளே போகப்போவது யார்? ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஸ்டீரிங் பிடித்தவன் போவான். மூட்டை இறக்கியவன் போவான். அந்த மூட்டையைக் கட்டி வெளியே அனுப்பிய ஆஸ்பத்திரியின் முதலாளி? குளிர்ச்சாதன அறையில் உட்கார்ந்து, 'நாங்கள் காண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிட்டோம்' என்று ஒரு காகிதத்தைக் காட்டுவார். காகிதம் அவரைக் காப்பாற்றும்.

இது மலையாளி தமிழன் பிரச்சினையல்ல, தோழர்களே! அப்படி அதை ஆக்கிக் குளிர்காய நினைப்பவர்கள் உண்டு. நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் இதே சரக்கைத்தான் நாள்தோறும் கக்குகின்றன. இந்தியா முழுவதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 டன் மருத்துவக் கழிவு சேருகிறது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. கணக்கில் வந்தது இது! எங்கே கொட்டினாய் என்று கேட்கிறோம், சரி. எதற்காக இவ்வளவு உண்டாக்கினாய் என்று ஏன் கேட்பதில்லை?

நாலு நிறப் பை

சட்டம் இல்லாமல் இல்லை. 1998லேயே விதி வந்தது. 2016 மார்ச்சில் புதிய விதி வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற எவரும் பார்த்திருக்கலாம்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் நிறமாய்த் தொட்டிகள். ரத்தம் தோய்ந்த பஞ்சும் வெட்டியெடுத்த சதையும் காலாவதியான மருந்தும் மஞ்சளுக்கு. அது எரியுலைக்குப் போகும். ஊசி முனையும் கத்தியும் வெள்ளைப் பெட்டிக்கு. அது குத்தினாலும் கிழியாத கெட்டிப் பெட்டி. கண்ணாடி நீலத்துக்கு. பிளாஸ்டிக் எல்லாம், குழாய், சிறுநீர்ப் பை, முனை கழற்றிய சிரிஞ்சு, கையுறை எல்லாம் சிவப்புக்கு. சிவப்புப் பையில் விழுந்ததை எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. அழுத்த நீராவியில் அவித்துக் கிருமியைக் கொன்று, துண்டு துண்டாக நொறுக்கி, மறுபடி பொருள் செய்யும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். வெட்டியெடுத்த சதையையும் ரத்தம் தோய்ந்த கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. ஒவ்வொரு பைக்கும் பட்டைக் குறியீடு ஒட்ட வேண்டும். நல்ல விதிதான், எழுதியவர் கெட்டிக்காரர்!

ஆனால் நிறம் பார்த்துப் பிரிப்பது யார் கை? அந்த விதி எழுதியவர் கையல்ல. வார்டில் இரவெல்லாம் நாற்பது கட்டிலுக்கு ஒருத்தியாக ஓடுகிற நர்சின் கை. காண்டிராக்டில் அமர்த்தப்பட்டு, மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்று காத்திருக்கிற துப்புரவுத் தொழிலாளியின் கை. அவசரத்தில் சிவப்பில் போவது மஞ்சளில் விழும். மஞ்சளில் விழுந்தால் எரியுலை. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. சலைன் குழாய் பெரும்பாலும் அதில்தான் ஆகிறது. சரியான வெப்பமில்லாமல் அதை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு புகையோடு போகும். எரியுலை யார் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது? மும்பையில் கோவண்டி என்ற இடத்தைத் தோழர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நகரத்துக் குப்பைமேடும் சேரியும் அடுத்தடுத்து இருக்கிற பகுதி. நகரத்து ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் உலை அங்கேதான் ஓடியது. அதை எடுத்துவிடு என்று அந்த ஏழை மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். மலபார் குன்றின் பணக்காரர் வீட்டுப் பக்கத்தில் அப்படி ஓர் உலையை வைக்க எவருக்காவது துணிவு வருமா?

இன்னொன்றும் அந்த விதியில் இருக்கிறது. கழிவைக் கையாளும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரான ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்புக் கவசம் தர வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு தோழர், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை பார்ப்பவர், ஒரு தரம் கையில் ஊசி குத்தி ரத்தம் வந்தது. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். 'சோப்புப் போட்டுக் கழுவு' என்றார் அவர். எழுதிக்கொள்ளவில்லை. தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்கவில்லை. கழுவிவிட்டு அன்றைய ஷிப்டை முடித்தார் தோழர். டாக்டருக்கு ஊசி குத்தியிருந்தால் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும்.

ஆக, குப்பை அதிகமானால் முதலில் குத்துப்படுவது நம் ஆள். அதனால்தான் இதில் நமக்கு வேலை இருக்கிறது என்கிறோம். இது படித்தவர்கள் மாலை வேளையில் பேசிக் கலைகிற சுற்றுச்சூழல் பேச்சல்ல.

பிளாஸ்டிக் ஒழிக என்று கத்தலாமா?

கத்தக் கூடாது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

வயதான தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒரு பாத்திரத்தில் கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் போட்டுக் கொதிக்க வைப்பார். வரிசையில் நிற்பவர் அத்தனை பேருக்கும் அதே ஊசி; முனை மழுங்கினால் உரசித் தீட்டிக்கொண்டு மறுபடியும் அதே ஊசி. சரியாகக் கொதித்ததா என்று யார் பார்த்தார்கள்? அந்த ஊசி ஒருவருடைய மஞ்சள் காமாலையை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு தரம் குத்தி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்தது பெரிய விடுதலை. அதை மறுப்பவர் நோயை அறியாதவர். 2009இல் குஜராத் மாநிலத்து மோடாசா என்ற ஊரில் ஹெப்படைட்டிஸ்-பி பரவிப் பலர் மாண்டார்கள். விசாரித்தபோது, போட்ட ஊசியையே திரும்பத் திரும்பப் போட்ட கொடுமை வெளிவந்தது. 2019இல் பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து ரத்தோடேரோவில் நூற்றுக்கணக்கான பச்சிளங் குழந்தைகளுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியது. அங்கேயும் பாதுகாப்பற்ற ஊசியே முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டது. இரண்டு ஊரிலும் செத்ததும் சீரழிந்ததும் ஏழைகள்.

ஆகவே, குத்துகிற ஊசி ஒரு தரம்தான். ரத்தக் குழாய்க்குள் போவது ஒரு தரம்தான். இதில் பேரம் இல்லை. 'பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியாவது ஊசியில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அந்த வாசலில் நாம் கொடி பிடித்து நிற்போம்.

அப்படியானால் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஏராளமாக இருக்கிறது. எதையெல்லாம் குறைக்கலாம் என்று தெரிய, பில்லைப் பார்க்க வேண்டும்.

இரண்டாயிரத்து எழுநூறு கையுறை

2017இல் டெல்லிக்கு அடுத்த குர்கானில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலோடு ஏழு வயதுக் குழந்தையைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 15 நாள் அங்கே இருந்தது, பிழைக்கவில்லை. பெற்றவர் கையில் கொடுத்த பில் சுமார் 16 லட்சம் ரூபாய். அந்தப் பில்லில் 660 சிரிஞ்சு, 2,700 கையுறை! கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே: நாளொன்றுக்கு 180 கையுறை, 44 சிரிஞ்சு. இரவு பகல் உறங்காமல் மணிக்கு ஏழெட்டுக் கையுறை வீதம் கழற்றி எறிந்திருக்க வேண்டும். எறிந்தார்களோ இல்லையோ, எழுதினார்கள்!

நாடெங்கும் கூச்சல் எழுந்தது. மருந்து விலையைக் கண்காணிக்கும் தேசிய ஆணையம் அந்த ஆஸ்பத்திரியின் கணக்கைப் புரட்டியது. சலைன் குழாயில் மாட்டுகிற பிளாஸ்டிக் திருகு ஒன்று, மூன்று வழியாய்த் திறந்து மூடுவது, அதை ஆஸ்பத்திரி வாங்கிய விலை 5 ரூபாய் 77 காசு. நோயாளியிடம் வசூலித்தது 106 ரூபாய். லாபம் 1,737 சதவீதம்! 15 ரூபாய் 29 காசுக்கு வாங்கிய சிரிஞ்சுக்கு 200 ரூபாய். அடுத்த ஆண்டு, 2018 பிப்ரவரியில், டெல்லிப் பக்கத்து நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்து அந்த ஆணையம் வெளியிட்ட அறிக்கையிலும் இதே கதைதான். கந்துவட்டிக்காரன் கூட வெட்கப்படுகிற வட்டி இது.

இதைப் படித்தபோது நமக்கு ஒன்று விளங்கிற்று. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் மலை குவிவது கிருமிக்குப் பயந்து மட்டுமல்ல. ஒவ்வொரு தரம் எறிந்தாலும் ஒரு வரி பில்லில் ஏறுகிறது. துவைத்துத் துவைத்து உடுத்துகிற அங்கிக்குப் பில் போட முடியாது. கிழித்து எறிகிற அங்கிக்குப் போடலாம். கழுவிய கைக்குப் பில் போட முடியாது, கையுறைக்குப் போடலாம். எறிவதிலே லாபம் இருக்கிறவரை எறிவார்கள். இந்தப் பக்கம் நோயாளியின் வீடு அடமானத்துக்குப் போகும். அந்தப் பக்கம் மூட்டை நடுக்கல்லூருக்குப் போகும். இரண்டும் ஒரே பில்தான்.

சரி, அந்தக் கையுறை எங்கிருந்து வருகிறது? கொரோனாக் காலத்தில் உலகம் போட்ட கையுறையில் பாதிக்கு மேல் மலேசியாவில் ஆனது. நம்மவர் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிற கிள்ளான் பட்டணத்துப் பக்கம் பெரிய பெரிய ஆலைகள். உள்ளே வேலை செய்தவர்களில் ஏராளமானோர் நேபாளத்திலிருந்தும் வங்க தேசத்திலிருந்தும் தரகனுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். அவர்களைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று குற்றம் சாட்டி, 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா உலகின் மிகப் பெரிய கையுறைக் கம்பெனியின் சரக்கை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கம்பெனியின் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா புகுந்து ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து கொடுத்தவர்கள் ஓர் அறைக்குள் அடுக்கி வைத்தாற்போல் படுத்துறங்கினார்கள். அந்த ஆண்டு கம்பெனி கண்டது அதுவரை காணாத லாபம். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. சரக்கு மறுபடி கப்பலேறியது.

உலக சுகாதார ஸ்தாபனமே சொல்கிறது: நாடி பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க, காய்ச்சல் பார்க்க, மாத்திரை கொடுக்க, உடை மாற்ற, தசையில் ஊசி போடக்கூடக் கையுறை தேவையில்லை, ரத்தமோ மற்ற நீரோ படும் இடத்தில்தான் தேவை. மற்ற நேரத்தில் வேண்டியது சுத்தமாகக் கழுவிய கை. கையுறை போட்டுக்கொண்டவர், கை சுத்தம் என்ற நினைப்பில் நாலு கட்டிலைத் தொட்டு, நோயைத்தான் பரப்புகிறார். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2018இல் நர்சுகள் முன்னின்று இதை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார்கள். வேண்டாத இடத்தில் கையுறையை விட்டார்கள். ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் குறைந்தது. 90,000 பவுனுக்கு மேல் மிச்சமாயிற்று. செய்தது நர்சுகள் என்பதைக் கவனியுங்கள். மேலேயிருந்து வந்த உத்தரவல்ல அது.

நம் ஊரில் இதைச் செய்ய என்ன வேண்டும்? வார்டுக்கு வார்டு குழாயும் சோப்பும் வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும்! கை கழுவ நேரம் இருக்கிற அளவுக்கு நர்சுகள் வேண்டும். ஆளைக் குறைத்துவிட்டுக் கையுறையை வாங்கிக் குவிப்பவர்கள் நம்மிடம் சுகாதாரம் பேசுகிறார்கள்.

'ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்'

இனி நம்மவர் மீதும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

உடம்பு முடியவில்லை என்று போனால் ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. 'மாத்திரைதான் குடுத்தாரு, என்ன டாக்டர் அவரு' என்று தெருமுனையில் சொல்கிறோம். இரண்டு நாள் காய்ச்சலடித்தால் 'ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க' என்று நாமே கேட்கிறோம். அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது என்ன? ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். வாயால் குடிக்க முடிகிற மனிதனுக்கு அது ஊசி வழியே போவதால் விசேஷ பலம் எதுவும் வந்துவிடாது. சோறும் கஞ்சியும் தருகிற தெம்பு அதில் இல்லை. ஆனால் ஒரு பாட்டிலுக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டி, ஒரு குழாய், ஒரு கான்யூலா, ஒரு சிரிஞ்சு, ஒரு ஜோடிக் கையுறை, பிளாஸ்திரி எல்லாம் குப்பைக்குப் போகிறது. ஒரு நாள் கூலியும் கூடவே போகிறது. சின்னச் சின்ன கிளினிக்குகள் இதிலேதான் பிழைக்கின்றன. நம் அறியாமை அவர்களுக்கு மூலதனம்.

1971ஐ நினைத்துப் பார்ப்போம். வங்க தேசத்து விடுதலைப் போர் நடந்தபோது லட்சோப லட்சம் அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். போன்காவ் முகாமில் காலரா. தரையெல்லாம் வாந்தியும் பேதியும். அதில் மண்டியிட்டுத்தான் டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள். ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா இவற்றைச் சரியான அளவில் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் தாயும் தமையனும் குவளையில் மொண்டு வாயில் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. பிளாஸ்டிக் குழாய் இல்லை, ஊசி இல்லை, மின்சாரம் இல்லை. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று வாங்குகிறோமே, அதன் வல்லமை உலகுக்குத் தெரிந்தது அந்த முகாமில்தான். அந்த மனிதர் 2022இல் மறைந்தார். மறைந்த பிறகு, 2023இல், பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடிருந்தபோது எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஏழை நாட்டுக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் புயலடித்து வடக்கு கரோலினா மாநிலத்து ஆலை ஒன்று வெள்ளத்தில் மூழ்கியது. அந்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற சலைன் வகைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த ஒரே ஆலையில் ஆகிறது! ஏகபோகம் என்றால் என்னவென்று புத்தகத்தில் தேட வேண்டாம். பை வருவது நின்றது. பல ஆஸ்பத்திரிகள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. இன்னொன்றும் செய்தன: வாயால் குடிக்கக் கூடியவருக்கு வாயாலேயே கொடுங்கள், அநாவசியமாக மாட்டாதீர்கள் என்று தங்கள் டாக்டர்களுக்குச் சொல்லின. பை இருக்கும்வரை தோன்றாத புத்தி!

சத்திரப்பட்டித் தறி

அங்கி, முகமூடி, மேஜை விரிப்பு, நோயாளிமேல் போர்த்தும் பச்சைத் துணி இவையெல்லாம் ஒரு காலத்தில் துணியாக இருந்தன. துவைத்தார்கள், ஆட்டோகிளேவில் வைத்து அவித்தார்கள், மறுபடி உடுத்தினார்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பாலிபுரோப்பிலீன் இழையை அழுத்தி ஒட்டிய ஒரு சரக்கு அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. அதற்கு வியாபாரத்தில் என்ன பெயர் தெரியுமா? நெய்யாத துணி! நெசவாளி கை படாத துணி என்று அவர்களே பெயரிட்டுவிட்டார்கள். நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிற ஊர். விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்கே நெய்ததுதான் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயத்தை மூடுகிறது. கூலி உயர்வு கேட்டு அந்தத் தொழிலாளர்கள் பலமுறை தறியை நிறுத்திப் போராடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கென்று துணி நெய்யத் தெரிந்த கை இங்கே இருக்கிறது. காஸ் துணி நெய்கிற தறியில் நாளைக்கே அறுவை அங்கி நெய்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ரத்தம் ஊடுருவாத நெருக்கமான துணி வேண்டும். அதற்கு நூலும் வேறு, முறையும் வேறு. ஆனால் அத்தகைய துணி உலகத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து தரமல்ல, அதற்கு மேலும் துவைத்துப் பயன்படுத்துகிறார்கள். இங்கே நெய்ய முடியாததல்ல அது.

தடை என்ன? துவைக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். வெந்நீர் வேண்டும், நீராவி வேண்டும், பழுதில்லாத யந்திரம் வேண்டும். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் சலவைப் பகுதியைக் காண்டிராக்டுக்கு விட்டு, நிரந்தர ஆளைக் குறைத்து, கடைசியில் 'துணி சுத்தமாக வருவதில்லை, எறிகிற அங்கியே நல்லது' என்கிறார்கள். குதிரை குப்புறத் தள்ளியதோடு குழியும் பறித்த கதை! எறிகிற அங்கியின் விலையில் அதை எரிக்கிற செலவும், புகையைச் சுவாசிக்கிறவனின் செலவும் சேர்ந்திருக்கிறதா? சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலை முதல் இந்தியா முழுவதற்கும் ஒரு பட்டியல் தடை. டம்ளர், தட்டு, உறிஞ்சு குழல், பை. தள்ளுவண்டிக்காரனிடம் பை இருந்தால் அபராதம் போடுகிறார்கள். அதே தெருவில் இருக்கிற ஆஸ்பத்திரி இரவில் எத்தனை மூட்டையை வெளியே அனுப்புகிறது, அதில் எத்தனை பங்கு அநாவசியம் என்று எவரும் கேட்பதில்லை. மருத்துவச் சாமான் என்றால் தடைக்கு வெளியே. இருக்கட்டும், வெளியே இருக்க வேண்டியதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கழிவில் நூற்றுக்கு 85 பங்கு கிருமியில்லாத வெறும் குப்பை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கிறதே! காண்டீன் டம்ளரும் தண்ணீர்ப் பாட்டிலும் அட்டைப் பெட்டியும் அதில் சேர்த்திதானே! எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தால் நோய் வந்துவிடுமா?

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் சாமானும் மொத்தமாக வாங்கித் தருவதற்கென்றே 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய அமைப்பு அது. மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துப் போன அமைப்பு. அதன் டெண்டரில் நாலு வரி மாற்றினால் போதும், நாடு திரும்பிப் பார்க்கும். பலமுறை துவைக்கும் அங்கி இத்தனை வேண்டும் என்று ஒரு வரி. அதை இங்கே தறி ஓட்டுகிறவர்களிடம், சட்டப்படியான கூலி கொடுப்பவர்களிடம் வாங்குவோம் என்று ஒரு வரி. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஆண்டுக்கு எத்தனை கையுறை, எத்தனை டிரிப் செட் செலவழித்தது என்ற கணக்கை வாசலில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வரி. தனியார் ஆஸ்பத்திரி சாமானுக்கு எத்தனை மடங்கு ஏற்றி விற்கலாம் என்பதற்கு உச்சவரம்பு மத்திய சர்க்கார் கையில் இருக்கிறது. 5 ரூபாய் 77 காசுச் சரக்கு 106 ரூபாய்க்கு விற்றதைக் கண்டுபிடித்தது அவர்களுடைய ஆணையமே. கண்டுபிடித்த கைக்குக் கட்டுப்படுத்தத் தெரியாதா?

அதுவரை தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் சங்கத்து ஆள் எவராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் கூடப் போகிற தோழர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கையுறை எத்தனை, சிரிஞ்சு எத்தனை, என்ன விலை என்று பாருங்கள். டிரிப் மாட்டினால் 'வாயால் குடிக்க முடிகிறதே, எதற்கு' என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் பதில் சொல்வார். ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளரிடையே வேலை செய்கிற தோழர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்: காமாலைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா? இல்லை என்கிறவர்களின் பட்டியலோடு டீனையும் காண்டிராக்டரையும் பார்ப்போம். நமக்குத் தெரிந்த அந்தத் தோழரின் பெயரை முதலில் எழுதிக்கொண்டுவிட்டோம். ஊசி குத்தி எட்டு மாதமாகிறது; இன்னும் அவருக்குத் தடுப்பூசி போடவில்லை.